ஆள் என்றொரு வகை

அறுபத்தொன்று என்ற எண் நாலு நாளாக அசையவில்லை.

கோகிலவாணி காலை ஒன்பதுக்கு வந்து உட்காருவாள். திரையின் மேல்மூலையில் ‘வகைப்படாதவை: 61’ என்று நிற்கும். மாலை ஆறுக்கு எழுந்திருப்பாள். அப்போதும் அதே அறுபத்தொன்றுதான். அந்த எண் பூஜ்ஜியம் ஆகாமல் ரிலீவிங் லெட்டர் கிடையாது. லெட்டர் இல்லாமல் வேறெங்கும் வேலை கிடையாது. தாராபுரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். அடுத்ததற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பிரின்சிபால் போனிலேயே சொல்லிவிட்டார்.

அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சம்பளம் இப்போது வாங்குவதில் பாதி. ஆனால் நாலு மணிக்கு மணி அடித்ததும் கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம். பத்தொன்பது வருஷமாகப் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவளுக்கு அதுவே போதும்.

அவள் வேலை பார்த்த கம்பெனி கோயமுத்தூர் காளப்பட்டியில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களின் குடிநீர் நிலையங்கள் இருநூற்றுப் பன்னிரண்டை ஓட்டுகிறது. எந்தப் பம்பு எந்த நேரத்தில் அடம்பிடிக்கும், எந்த வால்வை இரண்டு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது என்பதெல்லாம் கம்பெனிக் கையேட்டில் இருக்காது. அவள் டைரியில் இருக்கும். முதலில் டைரி, பிறகு போன். மொத்தம் நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். தன் வசதிக்காக எழுதியது. வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்த அன்றுதான் அவை தன்னுடையவை அல்ல என்று தெரிந்தது. கம்பெனி இயந்திரத்தைப் பற்றி ஊழியர் எழுதும் எதுவும் கம்பெனிக்கே சொந்தம். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அது இருந்தது. யார் வாசித்தார்கள்?

அந்தக் குறிப்புகளை வைத்து அவளைப் போலவே முடிவெடுக்கும் ஒன்றைக் கம்பெனி தயாரிக்கும். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ‘தொடர்ச்சி’. ஊழியர்கள் நிழல் என்பார்கள். நிழல் தானாக உருவாகிவிடாது. குறிப்பை எழுதியவரே உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நாலில் ஒரு வகையில் போட வேண்டும்: நடைமுறை, பழுது, எச்சரிக்கை, நீக்கம். எழுதியவருக்குத்தான் அது எதற்காக எழுதப்பட்டது என்று தெரியும். அந்தப் பிரிப்பில்தான் நிழலுக்குப் புத்தி வருகிறது.

பிரிக்கிறவர்கள் உட்காரும் இடம் மூன்றாம் மாடியில் இருந்தது. பதினோரு நாற்காலி. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். பக்கத்து நாற்காலி நாகமாணிக்கத்துடையது. ஐம்பது வயது, மின்பலகைப் பிரிவு. ராஜினாமா செய்து பதினாலு மாதம் ஆகிறது.

“என்ன அம்மணி, இன்னும் அறுபத்தொண்ணா?” என்றார்.

“உங்களுது எவ்வளவு?”

“நேத்து ஒம்பது. இன்னிக்கு நாப்பது. என்ற நிழலு என்னையே சந்தேகப்படுது. அன்னிக்கு இப்பிடிச் சொன்னீங்க, இன்னிக்கு அப்பிடிச் சொல்றீங்கங்குது. என்ற சம்சாரம்கூட இத்தனை ஞாபகம் வெச்சுக்கிட்டதில்லை.”

“சும்மா எதிலாவது தள்ளிட்டுப் போக வேண்டியதுதானே?”

“தள்ளலாம். மின்பலகை பாருங்க. தப்பாத் தள்ளுனா எவனாவது கருகிப்போவான். அட, அதை விடுங்க. நீங்க ஏன் தள்ளலை?”

அவள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பதினேழாம் நிலையத்தின் குறிப்பைத் திறந்தாள். அந்த அறுபத்தொன்றில் அதுதான் மோசமானது.

“வாசி,” என்றாள்.

நிழல் அவளுடைய குரலிலேயே வாசித்தது. அலுப்போடு இழுக்கும் அவளுடைய இழுப்பு உட்பட. “பனிக்காலத்துல காலை அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும் குளோரின் அலாரம் அடிச்சா பம்பை நிறுத்த வேண்டாம். ஈரத்துக்கு சென்சார் பொய் சொல்லுது. ஆறுக்குட்டிக்கு போன் போட்டு மூக்கால பார்க்கச் சொல்லணும். புது சென்சார் வர்ற வரைக்கும்.”

“இதை நடைமுறைன்னு போட்டா?”

“நீங்க விடுபட்ட அன்னிக்கு ஆள் பேரெல்லாம் என் நினைவிலிருந்து போயிரும். சட்டம் அப்படி. பேர் போனா அந்த வரி எதுக்கும் ஆகாது, அதையும் எடுத்துருவேன். சென்சார் வர்ற தேதி இல்லாததால அந்த வரியும் போயிரும்.”

“மிச்சம்?”

“பனிக்காலத்துக் காலையில குளோரின் அலாரம் அடிச்சா பம்பை நிறுத்த வேண்டாம்.”

“நீக்கம்னு போட்டா?”

“பனிக்காலம் முழுக்கக் காலையில அலாரம் அடிக்கும், பம்பு நிக்கும். ஒன்பதாயிரம் வீடு.”

அறுபத்தொன்றும் இதே ஜாதிதான். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு மனிதன் இருந்தான். ‘மாரக்காளைக் கேட்டுவிட்டுத் திறக்கவும்.’ ‘மீட்டரை நம்ப வேண்டாம், ராயப்பன் குழாயில் காது வைத்துச் சொல்லுவார்.’ கருவி கெட்டுப்போனால் புதுக் கருவிக்கு எழுதிப்போடுவார்கள். வராது. வராத இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, ஆளின் பெயரைக் குறிப்பில் எழுதிக்கொள்வார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் வேலை பார்த்தார்கள். பதினேழுக்குப் புது சென்சார் கேட்டு அவள் மூன்று தடவை எழுதினாள். நான்காவது தடவை எழுதவில்லை. குறிப்பே போதுமானதாக இருந்தது.

மேலாளர் தண்டபாணி எளிமையான மனிதர். எந்தச் சிக்கலையும் அடுத்தவர் தலையில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்.

“கோகிலா, நீ போறதுக்குள்ள அந்த அறுபத்தொண்ணையும் நடைமுறையில போட்டுட்டுப் போயிரு. பின்னால வர்றவன் பார்த்துக்குவான்.”

“பின்னால யாரு சார் வர்றா? நிழல்தான் வருது. அதுக்கு மூக்கு கிடையாது.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?”

“அஞ்சாவதா ஒரு வகை வேணும். ‘ஆள்’னு. அந்த வகையில இருக்கிற குறிப்புல ஆள் பேரை எடுக்கக் கூடாது.”

“சட்டம் விடாதே.”

“சம்மதம் வாங்கிட்டா விடும். நான் படிச்சுட்டேன். அவங்க போனுக்கு ஓடிபி போகும். அவங்க அதைச் சொன்னா சம்மதம்.”

தண்டபாணி நெற்றியைத் தேய்த்தார். “அறுபத்தொரு பேருக்கும் நீயே போன் பண்ணிக்குவியா?”

“பண்ணிக்கறேன்.”

“அப்புறம் என்ன, பண்ணிக்கோ.” அவருக்கு அதுதான் தேவை.

புது வகை மறுநாள் திரைக்கு வந்தது. அவள் போன் போட ஆரம்பித்தாள். ராயப்பன் உடனே கொடுத்தார். மாரக்காள் ஓடிபியைத் தலைகீழாக வாசித்து, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள். ஒருவர் செத்துப்போயிருந்தார். அவருடைய இடத்தில் நிற்பவர், “எனக்கும் அதெல்லாம் தெரியுங்க, போட்டுக்கங்க” என்றார். என்ன தெரியும் என்று அவள் கேட்கவில்லை. ஒன்பது நாளில் எண் அறுபது, நாற்பது, பன்னிரண்டு என்று இறங்கி ஒன்றில் வந்து நின்றது.

அந்த ஒன்று பதினேழாம் நிலையத்து ஆறுக்குட்டி.

“பேரனுக்குக் காது குத்துங்க அம்மணி, அப்புறம் சொல்றனுங்க” என்றார் முதல் நாள். இரண்டாம் நாள் போனில் சார்ஜ் இல்லை. மூன்றாம் நாள், “அதெதுக்குங்க பேரு கீரெல்லாம், இப்பவே நல்லாத்தானுங்க போயிட்டிருக்குது” என்றார். அதற்குப் பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் அலாரம் அழைப்புகளை ஏற்கெனவே பார்க்கத் தொடங்கியிருந்த நிழல் காலையில் கூப்பிட்டால் மட்டும் எடுத்தார். அது அவள் குரலில்தான் கூப்பிடுகிறது என்பதால் அவளுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினாள்.

பதினேழாம் நிலையம் அவிநாசி தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து கால் மணி நேர நடை. மார்கழிப் பனி ஏரியிலிருந்து எழுந்து கம்பிவேலிவரை நின்றது. ஆறு மணிக்கு அவள் கேட்டைத் தள்ளியபோது ஆறுக்குட்டி காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஸ்டவ்வில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். குரலில் மட்டும் பிரம்மாண்டம். போனில் அவரைப் பெரிய உருவமாகவே கற்பனை செய்து வைத்திருந்தாள்.

“வாங்க அம்மணி, வாங்க.” கையும் காலும் ஓடவில்லை அவருக்கு. “இத்தனை தூரம் பஸ்ஸுல வந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டவுனுக்கே வந்திருப்பனுங்களே.”

“போன் எடுத்தாத்தானுங்ண்ணா சொல்ல முடியும்?”

“அதுங்க, போனு…” என்று ஆரம்பித்து, இருமல் வந்து, அதையே சாக்காக வைத்துக்கொண்டு டீ ஆற்றப் போனார். நீளமான வறட்டு இருமல். “பனிங்க” என்றார்.

டீயைக் கையில் வாங்கினாள். உதட்டுக்குக் கொண்டுபோகுமுன்பே நாற்றம் தெரிந்தது. பால் கெட்டு நாளாகியிருந்தது. மேலே திப்பித் திப்பியாகத் திரிந்து மிதந்தது. நிலையத்தில் மங்கலான ஒரே பல்பு. ஆறுக்குட்டி தன் டம்ளரை ஊதி ஊதி இரண்டு வாய் குடித்துவிட்டார்.

“பால் எப்படி இருக்குதுங்ண்ணா?”

“நம்ம மாட்டுப் பாலுங்க. கெட்டியா இருக்கும்.”

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு தன் டம்ளரை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். திப்பியைக் கண்டதும் முகம் மாறியது. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“என்னதுங்க?”

“மூக்கு.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பம்பு ஓடும் பக்கம் திரும்பினார்.

“நாலு வருஷமிருக்குங்க. ஒரு காச்சல் வந்துதுங்க, அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியறதில்லை. சாம்பாரா ரசமான்னுகூடக் கண்ணுலதான் பார்த்துக்கறது.”

“நாலு வருஷமா பனிக்காலத்துல தினமும் காலையில நான் போன் போட்டேன். மூக்கால பாருங்கன்னேன். ஒண்ணுமில்லைன்னீங்க.”

“ஒண்ணுந் தெரியலைங்களே அம்மணி. அதைத்தான் ஒண்ணுமில்லைன்னு சொன்னனுங்க.” சொல்லிவிட்டு அவரே அதில் இருந்த அபத்தத்தை உணர்ந்ததுபோல் தலையைக் குனிந்தார். “நிசத்தைச் சொன்னா என்னைய இங்க வெச்சிருப்பீங்களா? மூக்குக்குத்தானுங்க என்னைய வெச்சிருக்குது. பம்பைக் கோயமுத்தூர்ல இருந்தே ஓட்டறீங்க.”

“அமோனியா பாட்டில் இருக்குமே. கசிவு இருந்தா வெள்ளையா புகையும். அதை வெச்சுப் பார்த்திருக்கலாமே?”

“அது தீர்ந்து மூணு வருஷமாச்சுங்க. கேட்டு எழுதுனனுங்க. வரலை.”

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கான வார்த்தைகள் எல்லாமே திரும்பித் தன் மேல்தான் விழும் என்றும் தெரிந்தது. எழுதினேன், வரவில்லை என்று அவளும்தான் விட்டுவிட்டாள். இருவரில் அவர் கெட்ட மூக்கோடு இங்கே தங்கினார். அவள் குறிப்பை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறேகாலுக்கு அலாரம் அடித்தது. சிவப்பு விளக்கு குளோரின் அறையின் கதவுக்கு மேலே சுற்றியது. ஆறுக்குட்டியின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். அது அவர் வழக்கம் போலிருந்தது.

“ஏனுங்ண்ணா, கோகிலவாணி பேசறேன்,” என்றது போன். “பதினேழுல அலாரம். மூக்கால கொஞ்சம் பாருங்க.”

தன் குரல் எவ்வளவு பழக்கத்தில் வருகிறது என்று அவள் முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டாள். கேட்கிற குரலே இல்லை அது. பதிலை ஏற்கெனவே எழுதிக்கொண்டு கூப்பிடும் குரல்.

ஆறுக்குட்டி அவளையே பார்த்தபடி, “ஒண்ணுமில்லீங்க அம்மணி” என்றார்.

“சரிங்ண்ணா.” வைத்துவிட்டது. அலாரம் அடங்கியது. பம்பு ஓடிக்கொண்டேயிருந்தது.

“பார்த்தீங்களா,” என்றார் அவர். “அதுக்கும் இதே போதுங்க. நாஞ் சொல்றதைக் கேளுங்க. ஓடிபி தர்றனுங்க. நீங்க அதைப் போட்டுட்டுப் புது வேலைக்குப் போங்க. எனக்குப் பதினாலு மாசந்தானுங்க பாக்கி. இத்தனை நாளு ஒண்ணும் ஆகலை. இன்னும் பதினாலு மாசத்துலயா ஆயிரப்போகுது? நீங்களும் பொழைச்சுக்குவீங்க, நானும் பொழைச்சுக்குவனுங்க.”

அவர் போனை நீட்டினார். ஆறு எண்கள் பளிச்சென்று இருந்தன.

பிறர் இதை எப்படிக் கதையாகச் சொல்வார்களோ தெரியாது. அவள் ஒன்றும் மனசாட்சியோடு மல்லுக்கட்டவில்லை. திறக்காத அந்தக் கண்ணாடி ஜன்னல் நினைவுக்கு வந்தது. நாகமாணிக்கத்தின் பதினாலு மாதம் நினைவுக்கு வந்தது. தன் போனை எடுத்து ஆறு எண்களையும் அடித்தாள். குறிப்பு ‘ஆள்’ வகைக்குள் போய் விழுந்தது.

வகைப்படாதவை: 0.

அந்தப் பூஜ்ஜியத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த நிமிஷமே கடிதம் வந்தது. பெயர், பதவி, பத்தொன்பது வருஷம், நன்னடத்தை, எல்லாம் இருந்தது. அடியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பச்சைப் பொத்தான்.

“வந்துருச்சுங்களா?” என்றார் ஆறுக்குட்டி.

“வந்துருச்சு.”

“அழுத்துங்க, அழுத்துங்க. நல்ல நேரம்.”

விரலை வைக்கப் போகும்போது அலாரம் மறுபடி அடித்தது. ஆறே முக்கால். ஆறுக்குட்டி தன் போனைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை. அவளுடைய போன் அடித்தது.

“இப்ப ஓடிபி போட்டதுல நீங்க பதினேழுலதான் இருக்கீங்கன்னு தெரியுது,” என்றது அவளுடைய குரல். “குறிப்பை எழுதினவங்களே பக்கத்துல இருந்தா அவங்ககிட்டத்தான் கேட்கணும். அது நடைமுறை. நீங்க சொன்னா நான் பம்பை ஓட்டுவேன். அங்க குளோரின் கசிவு இருக்கா?”

ஆறுக்குட்டி கையை அசைத்து ‘இல்லைன்னு சொல்லுங்க’ என்று சைகை காட்டினார்.

அவள் குளோரின் அறையின் கதவருகே போய் மூச்சை இழுத்தாள். ஈரச் சிமெண்ட். கிரீஸ். கெட்ட பால். அவற்றுக்கெல்லாம் அடியில் பிளீச்சிங் பவுடர் வாடை மெலிதாக இருந்தது. எல்லா நிலையத்திலும் அந்த வாடை இருக்கும். அது தரையில் கழுவி ஊற்றியதா, சிலிண்டரிலிருந்து வருவதா? பத்தொன்பது வருஷ அனுபவத்தில் அவள் ஒரு குளோரின் அறையின் வாசலில் நின்றது இரண்டே தடவை. மற்றதெல்லாம் போனில்.

“கேட்குதா?” என்றது நிழல். “கசிவு இருக்கா, இல்லையா?”

“தெரியலை,” என்றாள்.

“புரியலை. இருக்கா, இல்லையா?”

“தெரியலைங்கறேன். எனக்கும் தெரியலை, அவருக்கும் தெரியாது.”

பம்பு மெல்ல மெல்ல இரைச்சல் குறைந்து நின்றது. அப்படி ஒரு அமைதியை அந்த இடம் வருஷக்கணக்கில் கேட்டிருக்காது. ஏரியில் ஏதோ பறவை கத்தியது.

“உங்களுடைய நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு குறிப்புல இந்தப் பதில் ஒரு இடத்துலயும் இல்லை,” என்றது நிழல். குறை சொல்லும் குரல் இல்லை. அவள் கணக்கு சரிபார்க்கும்போது பேசும் குரல். “நீங்க எழுதினதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டேன். தெரியாதப்பவும் நீங்க எழுதியிருக்கீங்கன்னு இப்பத்தான் தெரியுது.”

“இந்த ஒண்ணு மட்டும்தான்.”

“அது உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?”

அவள் குளோரின் அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப ஒவ்வொண்ணா பார்த்துரலாம். அதுவரைக்கும் எல்லா நிலையத்துலயும் எந்த அலாரம் அடிச்சாலும் நிஜம்னே எடுத்துக்கறேன்.”

கடிதம் திரையிலிருந்து மறைந்தது. பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் எண் ஏறத் தொடங்கியது. நூறு. எழுநூறு. இரண்டாயிரம். அவள் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது.

“என்ற வேலைங்க?” என்றார் ஆறுக்குட்டி.

“போயிரும்னுதான் நினைக்கறேன்,” என்றாள். வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வரவில்லை.

அவர் கெட்ட பாலை வேலி ஓரம் கொட்டிவிட்டு, டம்ளர்கள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தார். எட்டு மணிக்குள் கேட்டுக்கு வெளியே குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி, “ஏனுங், மோட்டரு போட மாட்டீங்ளா?” என்று சத்தம் போட்டாள். “ரிப்பேருங்க, ரிப்பேரு” என்று ஆறுக்குட்டி தன் பெரிய குரலில் பதில் சொன்னார்.

தண்டபாணி ஏழு தடவை கூப்பிட்டார். எட்டாவது தடவை எடுத்தாள். அன்று காலை மட்டும் ஒன்பது நிலையம் நின்றுவிட்டதாம். “என்ன பண்ணித் தொலைச்ச?” என்று கத்தினார். “நீ எங்கயும் போகக் கூடாது. கேட்குதா? எங்கயும்!”

“போக முடியாது சார்,” என்றாள். “நாலாயிரம் பாக்கி இருக்கு.”

மதியம் திருப்பூரிலிருந்து சிலிண்டர்க்காரர் ஒருவர் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து அமோனியாவை அடித்துப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரின் கழுத்தில் வெள்ளையாகப் புகைந்தது. ஈய வாஷர் தேய்ந்து போயிருந்தது. சின்னக் கசிவு. காற்றுள்ள நாளில் கலைந்துவிடும். பனி மூடிய காலையில் அறைக்குள்ளேயே தங்கும்.

“இது எத்தனை நாளா இருக்கும்?” என்று கேட்டாள்.

“சொல்ல முடியாதுங்க. வாஷரைப் பார்த்தா வருஷக்கணக்குல. இங்க யாரு இருக்கிறது? அவருக்கு இருமல், கண் எரிச்சல் அது இதுன்னு ஏதாவது உண்டா? கொஞ்சங் கொஞ்சமா சுவாசிச்சா மொதல்ல மூக்குதான் போகும்.”

ஆறுக்குட்டி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று நாலு வருஷம் நம்பியவர். சென்சார் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்கிறது என்று எழுதி வைத்தது அவள். அந்தக் கசிவைத் தேடத்தான் அவர் மூக்கைத் தினமும் அந்த அறைக்குள் அனுப்பினாள். அதே அறைதான் அந்த மூக்கைத் தின்றது. தெரியாமலே எழுதிய குறிப்பு இது ஒன்றுதான் என்று காலையில் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு பாலிடெக்னிக்கிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

நாகமாணிக்கம் அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாங்க அம்மணி. ஒம்பது ஊரு தண்ணியை நிறுத்திட்டீங்களாமே. நான் பதினாலு மாசமா ஒரு ஃபேனைக்கூட நிறுத்துனதில்லை.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள். திரையில் ஆறாவதாக ஒரு வகை சேர்ந்திருந்தது. நிழலே போட்டது. ‘தெரியலை’ என்று அவள் பேச்சிலேயே இருந்தது.

முதல் குறிப்பைத் திறந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த இரண்டாம் வாரம் எழுதியது.

“வாசிக்கட்டுமா?” என்றது நிழல்.

“வாசி.”

“நாலாம் நிலையத்துல மூணாம் பம்பு சத்தம் போடும். பயப்பட வேண்டாம். போகப்போக சரியாயிரும்.”

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று நிழலே தொடர்ந்து கேட்டது. “பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?”

இருபத்துநாலு வயதில் அந்த வரியை எழுதிய பெண்ணை அவள் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். புது வேலை. பக்கத்தில் யாரோ நின்று அதட்டலாக ஏதோ சொல்கிறார்கள். திரும்பிக் கேட்கப் பயம். கை வேகமாக எழுதிக்கொள்கிறது. முகம் நினைவில்லை. பம்பும் நினைவில்லை. அந்தப் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

குறிப்பை இழுத்து ஆறாவது வகையில் போட்டாள். நாலாயிரத்து முன்னூற்றுப் பதினொன்று என்று எண் மாறியது.

“அடுத்ததை வாசி,” என்றாள்.